மீண்ட சித்திரக்கதையும் மீளாத சிறுவாசகனும்

தமிழில் ஓர் இதழ் நின்றுபோவது பெரும்பாலும் ஓசையற்ற நிகழ்வு. கடைசி இதழில் அதுவே கடைசி என்ற குறிப்பு இராது. அடுத்த மாதம் கடைக்காரர் 'இன்னும் வரலை' என்பார். அதற்கடுத்த மாதமும் அதையே சொல்வார். மூன்றாம் மாதம் நாம் கேட்பதை நிறுத்திவிடுவோம். சி.சு.செல்லப்பாவின் 'எழுத்து' 1959-இல் தொடங்கி 1970-இல் நின்றது. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ இதழ்கள் அவ்வாறே நின்றன. நம் இலக்கிய இதழ்களின் வரலாறு பெரும்பாலும் ஆசிரியர்களின் இழப்புகளாகவே எழுதப்பட்டிருக்கிறது. வாசகர்கள் திரண்டு வந்து ஓர் இதழை மீட்டெடுத்த கதை அதில் மிக அரிது.

அப்படியொரு கதை, இலக்கியச் சூழல் திரும்பிப் பார்க்கச் சற்றே கூச்சப்படும் ஓரிடத்தில் நடந்திருக்கிறது. சிவகாசியில், சித்திரக்கதை உலகில். முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் ஆகிய இரு வெளியீடுகளும் தளர்ந்து ஏறக்குறைய நின்றுவிட்ட நிலையிலிருந்து மீண்ட கதை அது. அந்த மீட்சியில் வாசகர்களின் பங்கு என்ன, மீண்டது உண்மையில் எது, மீளாதது எது என்பவற்றைச் சற்று நிதானமாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை எழுதும் நாங்கள் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் வேலை நிமித்தம் வந்து தங்கியவர்கள். எங்களில் பெரும்பாலோர் தென்மாவட்டத்துச் சிற்றூர்களில் இவ்விதழ்களைப் படித்து வளர்ந்தோம். எனவே இது முற்றிலும் வெளியே நின்று எழுதப்படும் வரலாறு அல்ல. எங்கள் மீதான விமர்சனமும் இதில் கலந்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

*

முத்து காமிக்ஸ் 1972-இல் எம்.சௌந்திரபாண்டியன் அவர்களால் சிவகாசியில் தொடங்கப்பட்டது. அதன் முதல் நாயகன் 'இரும்புக்கை மாயாவி'. ஏன் சிவகாசி என்ற கேள்விக்கு விடை எளிது. தீப்பெட்டி, பட்டாசுக் கட்டு ஆகியவற்றுக்கான வண்ண லேபிள்களில் தொடங்கி நாட்காட்டி, நாட்குறிப்பு, பாடப்புத்தகம் என விரிந்த அச்சுத்தொழில் அவ்வூரில் வேரூன்றியிருந்தது. அச்சு இயந்திரமும் ஓவியரும் அட்டை வடிவமைப்பாளரும் ஒரே தெருவில் கிடைக்கும் ஊர் அது. சென்னையின் பெரும் பத்திரிகை நிறுவனங்களின் நிழலில் நிற்காமல் ஒரு குடும்பம் தன் சொந்த அச்சகத்தை நம்பி இதழ் தொடங்க முடிந்தது அதனால்தான்.

மாயாவியின் பிறப்பிடம் வேறு. 1962 அக்டோபரில் பிரிட்டனில் 'வேலியண்ட்' என்ற சிறுவர் வார இதழின் முதல் இதழிலேயே தோன்றிய பாத்திரம் அது. முதலில் அறிவியல் புனைகதை எழுத்தாளர் கென் பல்மரும் பின்னர் டாம் டல்லியும் கதை எழுத, பார்சிலோனாவைச் சேர்ந்த ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ படம் வரைந்தார். விபத்தில் வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்ட ஆய்வக உதவியாளன் லூயிஸ் கிராண்டல்தான் நாயகன். உடலில் மின்சாரம் பாய்ந்தால் அவன் மறைந்துபோவான். எஃகுக் கை மட்டும் காற்றில் மிதப்பதுபோல் தெரியும். பிரிட்டனில் வாரந்தோறும் ஓரிரு பக்கங்களாகத் துண்டு துண்டாக வந்த இக்கதை, தமிழில் ஒரே மூச்சில் படித்து முடிக்கும் முழுநீளக் கதையாக வடிவம் மாறியது. இந்த வடிவ மாற்றம் முக்கியமானது. வாரத்தொடரில் பரபரப்பு மட்டுமே எஞ்சும். முழுநீள நூலில் பாத்திரத்தோடு ஓர் உறவு உருவாகும்.

இவ்வாறு மாயாவி, லாரன்ஸ்–டேவிட், ஜானி நீரோ என்ற நாயகர்கள் தமிழ்ச் சிறுவர்களின் சொத்தானார்கள். இவர்களை வாசகர்கள் இன்றும் 'மும்மூர்த்திகள்' என்றே குறிப்பிடுகிறார்கள். பரோட்டாக் கடைக்கும் சைக்கிள் நிலையத்துக்கும் நடுவே அமர்ந்து படித்தவனுக்கு லண்டன் துறைமுகமும் நியூயார்க் பாதாள ரயிலும் அந்நியமாக இருக்கவில்லை.

1984 தமிழ்ச் சித்திரக்கதை வரலாற்றில் தனித்துக் குறிக்கப்பட வேண்டிய ஆண்டு. அவ்வாண்டு ஜூலையில் சௌந்திரபாண்டியனின் மகன் எஸ்.விஜயன், தம் 17-ஆம் வயதில், 'கத்தி முனையில் மாடஸ்டி' என்ற கதையுடன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே ஜூலையில் தினத்தந்தி குழுமம் ஜேம்ஸ் பாண்டை முன்னிறுத்தி ராணி காமிக்ஸைக் கொண்டுவந்தது. வாண்டுமாமாவை ஆசிரியராகக் கொண்ட 'பூந்தளிர்' இதழும் ஏறத்தாழ அக்காலத்ததே. லயன் குடும்பத்திலிருந்து திகில், மினி லயன், ஜூனியர் லயன் எனத் துணை வெளியீடுகள் கிளைத்தன. 1985-இல் 'தலைவாங்கிக் குரங்கு' வழியாக இத்தாலியின் டெக்ஸ் வில்லர் தமிழுக்கு வந்தார். பிரெஞ்சு–பெல்ஜிய மரபிலிருந்து லக்கி லூக், கேப்டன் டைகர் என்று தமிழில் பெயர் மாறிய புளூபெரி, ரோமன் எண் பதின்மூன்றைத் தலைப்பாகக் கொண்ட 'இரத்தப் படலம்' எனத் தொடர்கள் வந்தன.

ஒரு சிறு விவரம். 'மாயாவி' என்றால் யார் என்று இரண்டு பழைய வாசகர்களிடம் கேட்டால் இரு வேறு விடை கிடைக்கலாம். முத்து காமிக்ஸ் வாசகருக்கு அது எஃகுக் கையுடையவன். ராணி காமிக்ஸ் வாசகருக்கோ காட்டில் மண்டையோட்டுக் குகையில் வாழும் முகமூடி வீரர், அதாவது ஃபேண்டம். முத்து காமிக்ஸில் ஃபேண்டத்துக்கு 'வேதாளர்' என்று பெயர். ஒரே அயல்நாட்டுப் பாத்திரம் இரண்டு தமிழ்ப் பெயர்களோடும், ஒரே தமிழ்ப் பெயர் இரண்டு பாத்திரங்களோடும் உலவிய மொழி இது. இப்பெயர்களெல்லாம் மூலப் பதிப்பகத்தாரின் ஒப்பந்தங்களில் இல்லாதவை. அவற்றை உருவாக்கியவர்கள் மொழிபெயர்ப்பாளர்கள், நிலைநிறுத்தியவர்கள் வாசகர்கள்.

*

சரிவு ஒரே நாளில் வரவில்லை. டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964-இல் தொடங்கிப் பல இந்திய மொழிகளில் வெளியிட்ட இந்திரஜால் காமிக்ஸ் 1990-இல் நிறுத்தப்பட்டது. நாடெங்கும் பரந்த நிறுவனத்துக்கே அந்நிலை. 1990-களில் கேபிள் தொலைக்காட்சி வீடுகளுக்குள் வந்தது. சன் தொலைக்காட்சி 1993-இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. சிறுவனின் மாலைநேரம் வேறொன்றுக்குச் சொந்தமானது. ராணி காமிக்ஸ் 2005-இல் நின்றது. லயனும் முத்தும் நிற்கவில்லை. ஆனால் ஒழுங்காக வரவுமில்லை. மாத இதழ் என்ற பெயரில் ஆண்டுக்குச் சில இதழ்கள் மட்டுமே வந்த காலம் உண்டு. அறிவிக்கப்பட்ட கதை வேறொரு கதையாக வரும். அதுவும் எதிர்பாராத ஒரு மாதத்தில் வரும்.

இச்சரிவுக்குத் தொலைக்காட்சியை மட்டும் காரணம் காட்டுவது எளிய விடை. இதழ் வணிகத்தின் உள்கணக்கையும் பார்க்க வேண்டும். கடைகளில் விற்கும் இதழில் பணம் கடைசியில்தான் வரும். அச்சிட்டு, முகவர்களுக்கு அனுப்பி, விற்காத பிரதிகள் திரும்பி வந்த பிறகே கணக்கு முடியும். விற்பனை குறையக் குறையத் திரும்பி வரும் கட்டு பெருக்கும். வசூல் தாமதிக்கும். அயல்நாட்டு உரிமத்தொகையும் தாளின் விலையும் அதற்காகக் காத்திருப்பதில்லை. நியூஸ்பிரிண்ட் தாளில் கறுப்பு வெள்ளையில் 10 ரூபாய்க்கு விற்ற இதழ் அந்த இடைவெளியைத் தாங்க வழியில்லை.

சிறுபத்திரிகை வாசகர்களுக்கு இந்தக் கணக்கு புதியதன்று. சந்தா கட்டிவிட்டு வராத இதழுக்காகக் காத்திருத்தல், தாமதத்துக்கு வருத்தம் தெரிவிக்கும் ஆசிரியர் குறிப்பு, பழைய இதழ்களைக் கட்டிவைத்துப் பாதுகாத்தல், விடுபட்ட ஓர் இதழுக்காக ஊர் ஊராகத் தேடுதல் என்று எல்லாமே பொது. தீவிர இலக்கியமும் சித்திரக்கதையும் எதிரெதிர் முனைகள் என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். பழக்கத்தில் இரு சாராரும் ஒரே வார்ப்பு.

*

மீட்பு இயக்கம் என்றவுடன் ஊர்வலமும் கையெழுத்து வேட்டையும் நினைவுக்கு வரலாம். அமெரிக்காவில் 1968-இல் 'ஸ்டார் டிரெக்' தொலைக்காட்சித் தொடரை நிறுத்தாதிருக்க ரசிகர்கள் என்பிசி நிறுவனத்துக்குக் கடிதங்களைக் குவித்தார்கள். மூன்றாம் பருவம் கிடைத்தது. 1998-இல் தொடங்கிய 'ஸ்பைடர்-கேர்ள்' சித்திரக்கதையை மார்வெல் நிறுவனம் நிறுத்த முனைந்தபோதெல்லாம் வாசகர்களின் வற்புறுத்தலால் அது பலமுறை உயிர் பிழைத்தது. அங்கெல்லாம் வாசகர் ஒரு புறம், பெருநிறுவனம் மறுபுறம். 'விற்பனை போதாது' என்று சொல்லும் நிறுவனத்திடம் 'நாங்கள் இருக்கிறோம்' என்று நிரூபிப்பதே அவர்களின் வேலை.

சிவகாசியில் நிலைமை வேறு. எதிர்ப்பக்கத்தில் நிறுவனம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. ஒரு குடும்பமும் ஒரு சிறு அலுவலகமும் மட்டுமே இருந்தன. இதழை நிறுத்த வேண்டும் என்று யாரும் முடிவெடுக்கவில்லை. ஆகவே எதிர்த்துப் போராட எவரும் இல்லை. வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். தாம் இன்னும் எஞ்சியிருக்கிறோம் என்பதையும், எவ்வளவு பேர் எஞ்சியிருக்கிறோம் என்பதையும் ஆசிரியருக்கு எண்ணிக்கையில் காட்டுவது.

அந்த வேலை பல வழிகளில் நடந்தது. முதலாவது, பட்டியலிடுதல். எந்த எண்ணுள்ள இதழில் எந்தக் கதை, மூலம் எது, ஓவியர் யார் என்ற விவரங்களை வாசகர்கள் தாமாகவே திரட்டினார்கள். பழைய புத்தகக் கடைகளில் அழுக்குக் கட்டுகளுக்குள் தலைகுனிந்து தேடியவர்களின் உழைப்பு அது. இரண்டாவது, கடிதங்கள். 'ஹாட்லைன்' என்ற தலைப்பில் ஆசிரியர் வாசகரோடு நேரடியாகப் பேசும் வழக்கம் லயன்–முத்துவில் நெடுநாள் உண்டு. பின்னர் 'சிங்கத்தின் சிறுவயதில்' என்ற தொடரில் தம் பதிப்பக அனுபவங்களை அவரே எழுதினார். தமிழில் ஒரு வெகுசன இதழின் ஆசிரியர் தம் தவறான தேர்வுகளையும் தோல்விகளையும் இவ்வளவு வெளிப்படையாக வாசகருடன் பகிர்ந்துகொண்டது அபூர்வம். அந்த வெளிப்படைத்தன்மைதான் வாசகரைப் பங்காளியாக்கியது. மூன்றாவது வழி முன்பதிவு. இதுவே தீர்மானகரமானது.

வாசகர்களின் நீண்டகாலக் கோரிக்கை 'இரத்தப் படலம்' முழுமையாக வேண்டும் என்பது. ஜான் வான் ஹாம் எழுத, வில்லியம் வான்ஸ் வரைந்து 1984-இல் பெல்ஜியத்தில் முதல் நூல் வெளிவந்த தொடர் அது. நினைவிழந்து கடற்கரையில் ஒதுங்கிய ஒருவன், உடலில் பச்சை குத்தப்பட்டிருக்கும் பதின்மூன்று என்ற எண்ணை மட்டும் துணையாகக் கொண்டு, தான் யார் என்று தேடுவதே கதை. தமிழில் 1980-களின் பிற்பகுதியில் தொடங்கி ஆண்டுக்கணக்கான இடைவெளிகளோடு துண்டு துண்டாக வந்தது. முதல் பாகத்தைப் பள்ளிப் பருவத்தில் படித்தவர் பிற்பாகங்களுக்காகக் காத்திருந்தபோது அவருக்கே குழந்தை பிறந்திருந்தது. 2010-இல் அக்கதை கறுப்பு வெள்ளையில் ஒரே பெருந்தொகுப்பாக வந்தது. முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்களுக்கு அது ஒரு நூல் மட்டுமன்று, ஆசிரியர் சொல் தவறவில்லை என்பதற்கான சான்றும்கூட.

2012 ஜனவரியில் 'கம்பேக் ஸ்பெஷல்' வெளியானது. விலை 100 ரூபாய். அம்மாதம் சென்னையின் 35-ஆவது புத்தகக் கண்காட்சி பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள செயின்ட் ஜார்ஜ் பள்ளி வளாகத்தில் நடந்தது. ஸ்ரீபெரும்புதூரில் பேருந்து ஏறி அதே நெடுஞ்சாலையில் நேராகச் சென்றால் சேரக்கூடிய இடம். 10 ரூபாய் இதழைத் தேடித் திரிந்த எங்களுக்கு 100 ரூபாய் என்ற எண் முதலில் திகைப்பையே தந்தது. ஆனால் வாங்கினோம். பத்து மடங்கு விலையை எங்களால் கொடுக்க முடிந்தது. ஏனெனில் நாங்கள் இப்போது சம்பளக்காரர்கள்.

அதன் பிறகு வழவழப்பான தாளில் வண்ண அச்சு, ஒழுங்கான மாத வெளியீடு, ஆண்டுச் சந்தா என்று நிலைமை மாறியது. 2015 ஏப்ரலில் கேப்டன் டைகரின் 'மின்னும் மரணம்' முழுத்தொகுப்பு வந்தது. 2018-இல் 'இரத்தப் படலம்' மீண்டும் வந்தது, இம்முறை வண்ணத்தில். அதன் ஓவியர் வில்லியம் வான்ஸ் அவ்வாண்டு மே மாதம்தான் காலமாகியிருந்தார். ஈரோடு புத்தகத் திருவிழாவை ஒட்டி நடந்த வாசகர் சந்திப்புகள் பல ஊர்க்காரர்களை ஓரிடத்தில் சேர்த்தன. 2022-இல் முத்து காமிக்ஸ் 50 ஆண்டுகளையும், 2024-இல் லயன் 40 ஆண்டுகளையும் நிறைவு செய்தன. தமிழ் இதழியலில் இவை சிறிய எண்கள் அல்ல.

*

முன்பதிவு முறையின் பொருளாதாரத்தைச் சற்று விளக்க வேண்டும். ஏனெனில் மீட்சியின் பலமும் பலவீனமும் ஒருங்கே அதில்தான் இருக்கின்றன. ஓர் உதாரணத்துக்கு, ஒரு நூலின் உரிமத்தொகை, மொழிபெயர்ப்பு, பக்க அமைப்பு, அச்சுத்தகடு ஆகிய நிலைச்செலவுகள் 2 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20,000 பிரதிகள் அச்சிட்டால் ஒரு பிரதியின் மேல் விழும் சுமை 10 ரூபாய். 1,000 பிரதிகள் என்றால் அதுவே 200 ரூபாய். தாளும் மையும் கட்டுமானமும் இதற்கு மேல். வாசகர் எண்ணிக்கை குறைந்தால் விலை கூடியே தீரும். முன்பதிவு இந்த விலையைக் குறைப்பதில்லை. அச்சிட்டது விற்காமல் தேங்கும் அபாயத்தைத்தான் நீக்குகிறது. எத்தனை பேர் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் பதிப்பாளர் துணிகிறார்.

ஆனால் அவ்வாறு அச்சிடப்படும் நூல் யாருக்குச் செல்கிறது? ஏற்கெனவே காத்திருப்பவருக்கு. பெயரும் முகவரியும் தெரிந்தவருக்கு. பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கிய இதழை ஒருவன் தற்செயலாகப் பார்க்கலாம். எங்கள் தலைமுறையில் யாரும் 'சித்திரக்கதை படிக்கப் போகிறேன்' என்று தீர்மானித்து வாசகராகவில்லை. அப்பா பீடி வாங்கப் போன கடையிலும், முடிவெட்டக் காத்திருந்த சலூனிலும், பேருந்து கிளம்பத் தாமதமான நிலையத்திலும் அட்டைப்படம் எங்களைப் பிடித்தது. சந்தாவில் அந்தத் தற்செயலுக்கு இடமில்லை. சந்தா கட்டுபவர் ஏற்கெனவே வாசகர்.

வாசகர்களுக்குள்ளேயே ஒரு நீண்ட விவாதம் உண்டு: பழைய நாயகர்களின் மறுபதிப்பா, புதிய கதைகளா? மறுபதிப்பு கேட்பவர்களின் வாதம் உணர்ச்சி சார்ந்தது மட்டுமன்று. பழைய இதழ்கள் பழைய புத்தகச் சந்தையில் எளியவர் வாங்க முடியாத விலைக்குப் போயிருந்தன. மறுபதிப்பு அந்தச் செயற்கைப் பஞ்சத்தைப் போக்கியது. மாயாவியும் வேதாளரும் மீண்டும் எவர் கைக்கும் எட்டினார்கள். புதிய கதைகள் கேட்பவர்கள், 1962-இல் பிரிட்டிஷ் சிறுவனுக்காக எழுதப்பட்ட கதையையே எத்தனை முறை அச்சிடுவது, உலகச் சித்திரக்கதை எங்கோ போய்விட்டதே என்றார்கள். ஆசிரியர் இரு தரப்புக்கும் இடமளிக்க முயன்றார். 2022-ஐ ஒட்டி வேதாளர், மாண்ட்ரேக் போன்ற 1970-களின் நாயகர்களுக்கெனத் தனிச் சந்தாத் திட்டமே வந்தது. மறுபுறம் முதிர்ந்த வாசகருக்கான கிராஃபிக் நாவல்களும் வந்தன.

இவ்விவாதத்தில் நாங்களும் பல இரவுகளைக் கழித்திருக்கிறோம். இப்போது திரும்பிப் பார்க்கையில், இரு தரப்பும் ஒரே வயதினராக இருந்தது அப்போது எங்கள் கண்ணில் படவில்லை. பழையதைக் கேட்டவரும் புதியதைக் கேட்டவரும் நாற்பதைக் கடந்தவர்கள். பத்து வயதுக்காரனுக்கு எது வேண்டும் என்று கேட்க அங்கே பத்து வயதுக்காரன் இல்லை.

*

இதற்கு நேர்மாறான ஒரு வரலாற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மாயாவியின் தாய்வீடான பிரிட்டனில் 'லயன்' வார இதழ் 1974-இலும் 'வேலியண்ட்' 1976-இலும் வேறு இதழ்களோடு இணைக்கப்பட்டு மறைந்தன. அந்நாயகர்களின் உரிமை நிறுவனம் விட்டு நிறுவனம் மாறியது. 2016-இலும் 2018-இலும் ரிபெல்லியன் என்ற நிறுவனம் அப்பழைய சேகரத்தை இரு கட்டங்களாக வாங்கியது. 2021-இல் எஃகுக் கை நாயகனின் கதைகளை அது நூலாகத் தொகுத்து வெளியிட்டது. அதற்குள் சிவகாசியில் மாயாவிக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு வயதாகியிருந்தது. தாய்வீட்டில் பெரும்பாலும் முதியோரின் நினைவாகச் சுருங்கிவிட்ட ஒருவனை, மொழியும் நிறமும் வேறான ஒரு தொலைதூரச் சமூகம் தன்னவனாக வைத்துக் காத்தது. இதில் பெருமைப்பட நிச்சயம் இடமுண்டு.

ஆனால் காத்தல் என்பது என்ன? பாதுகாப்புப் பெட்டகத்தில் வைப்பதும் காத்தல்தான். நெகிழி உறையிட்டு, எண் வரிசைப்படி அடுக்கி, பூச்சி மருந்து போட்டு வைத்த அலமாரிகள் எங்களிடமும் இருக்கின்றன. ஒரு பிரதி படிப்பதற்கு, ஒரு பிரதி வைத்துக்கொள்வதற்கு என்று இரண்டு வாங்கியவர்களும் எங்களுள் உண்டு. எங்கள் இயக்கம் வென்றது, தொடர் மீண்டது, முழுமையாக, வண்ணத்தில், கெட்டி அட்டையில், எங்கள் கைக்கு வந்தது. நாங்கள் மீட்டது எங்கள் இளமையின் ஒரு பகுதியை. முத்து காமிக்ஸ் 1972-இல் செய்த வேலை, முகம் தெரியாத ஒரு சிறுவனை வாசகனாக்குவது. அது மீண்டதா என்றால், முழுமையாக மீண்டது என்று எங்களால் சொல்ல இயலவில்லை.

இதற்குப் பதிப்பாளரைக் குறைகூற முடியாது. எண்ணிக்கை அவர் கையில் இல்லை. நாங்கள் கேட்டதைத்தான் அவர் கொடுத்தார். கேட்கும்போது எங்களுக்காக மட்டுமே கேட்டோம் என்பதே குறை.

*

நாங்கள் வசிக்கும் பகுதியைப் பற்றி ஒரு சொல். இங்கே அதிகாலையும் பிற்பகலும் இரவும் நிறுவனப் பேருந்துகள் ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டேயிருக்கின்றன. 1990-களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்தது முதல் ஏரிகளும் வயல்களும் இருந்த இடங்களில் புதுக் குடியிருப்புகள் முளைத்தபடி இருக்கின்றன. அவற்றில் தென்மாவட்டத்துப் பிள்ளைகளும் ஒடிசா, பீகார்ப் பிள்ளைகளும் ஒன்றாக வளர்கிறார்கள். உணவகம் உண்டு, கைப்பேசிக் கடை உண்டு, மருந்தகம் உண்டு. ஒரு சித்திரக்கதை இதழ் கயிற்றில் தொங்கும் கடையை இப்பகுதியில் நாங்கள் கண்டதில்லை. எங்களுக்குத் தெரிந்த பிரதிகள் யாவும் கூரியரில் வந்து, எங்கள் வீட்டுக் கதவுக்குள் நுழைந்து, அலமாரிக்குள் போய்விட்டவை.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறன்று, அப்படி வந்த பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுச் சிறுமி வந்து நின்றாள். லக்கி லூக் நூலை எடுத்துக் கொடுத்தோம். கையைத் துடைத்துக்கொள்ளச் சொன்னோம். முனை மடங்காமல் புரட்டச் சொன்னோம். இங்கேயே உட்கார்ந்து படிக்கச் சொன்னோம். நான்கைந்து பக்கம் புரட்டிவிட்டு, 'அப்புறம் வர்றேன் மாமா' என்று வைத்துவிட்டுப் போனாள். அப்புறம் வரவில்லை. கதை பிடிக்காமல் போயிருக்கலாம். ஆனால் நாங்கள் போட்ட நிபந்தனைகளை எங்கள் பத்து வயதில் யாராவது எங்களுக்குப் போட்டிருந்தால், நாங்களும் திரும்பி வந்திருக்க மாட்டோம் என்பது மட்டும் உறுதி.

அதன் பின்னர் எங்களுக்குள் பேசி ஒரு சிறு காரியம் செய்தோம். இரண்டாம் பிரதிகளிலிருந்து பன்னிரண்டு நூல்களைப் பிரித்தெடுத்து, ஒரகடம் கூட்டுச்சாலைக்கு அருகில் எங்களில் ஒருவர் வழக்கமாக முடிவெட்டிக்கொள்ளும் சலூனில், செய்தித்தாளுக்குப் பக்கத்தில் வைத்தோம். டெக்ஸ் வில்லர், மாயாவி, லக்கி லூக். பெயர் எழுதவில்லை; கணக்கு வைக்கவில்லை. கடைக்காரர், 'காணாமப் போனா என்னைக் கேக்கக் கூடாது சார்' என்று முன்னரே சொல்லிவிட்டார்.

நான்கு மாதங்களுக்குப் பிறகு எண்ணிப் பார்த்தபோது ஒன்பது இருந்தன. அவற்றில் மாயாவியின் அட்டை கிழிந்து, உள்பக்கத்தில் யாரோ அந்த எஃகுக் கையைப் பேனாவால் பார்த்து வரைந்திருந்தார்கள், விரல்கள் ஆறு. அடுத்த முறை கொண்டுபோய் வைக்க வேண்டிய நூல்களின் பட்டியலை இப்போது தயாரித்து வருகிறோம். இம்முறை, இரண்டாம் பிரதி இல்லாத சில நூல்களும் அதில் இருக்கின்றன.